ஒரு வரியை யார், எப்போது, எதற்காக மாற்றினார்? கிட் பிளேம்: முழுமையான வழிகாட்டி

சிராங்கூன் சாலையில் ஒரு மளிகைக் கடை. கல்லாவில் இருந்த அண்ணன் போனில் சொன்ன புகார் சின்னதுதான். "பேநவ்ல கட்டுறவங்களுக்கும் ரசீதுல ரெண்டு காசு குறையுது தம்பி. ராத்திரி கணக்கு முடிக்கும்போது ஒட்ட மாட்டேங்குது."

அப்போது நான் வேலை பார்த்த சிறிய நிறுவனம் இப்படிப்பட்ட கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுத்து வந்தது. சிங்கப்பூரில் 1 காசு நாணயம் வெளியிடுவதை 2002-இல் நிறுத்திவிட்டார்கள். அதனால் ரொக்கமாகக் கட்டுபவருக்கு 12.32 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) 12.30 என்று ரவுண்ட் செய்வது கடைகளில் வழக்கம். கார்டிலோ, வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் பேநவ்விலோ கட்டினால் அந்தத் தேவையே இல்லை, 12.32 என்றால் 12.32தான். எங்கள் நிரல் பேநவ்வையும் ரொக்கமாக நினைத்து ரவுண்ட் செய்துகொண்டிருந்தது.

பில்லிங் கோப்பின் 112-ஆம் வரியில்தான் கோளாறு என்று கண்டுபிடித்தேன். உடனே கிட் பிளேம் ஓட்டினேன். நிரலில் நடந்த மாற்றங்களை எல்லாம் பதிந்து வைக்கும் கருவி கிட். ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார், எப்போது என்று காட்டும் அதன் கட்டளை பிளேம். குழுவில் மூத்தவரான ஓர் அக்காவின் பெயர் வந்தது, தேதி மூன்று வாரத்துக்கு முன்னது. யோசிக்காமல் குழு அரட்டையில் எல்லோரும் பார்க்க, "இந்த வரியை மாற்றியது நீங்கள்தானே? கடையிலிருந்து புகார் வந்திருக்கிறது" என்று போட்டுவிட்டேன். அவர் அந்தத் தர்க்கத்தைத் தொடவே இல்லை. ரெப்போ முழுவதும், அதாவது கிட் காக்கும் எங்கள் நிரல் கோப்புகள் எல்லாவற்றிலும், நிரலின் தோற்றத்தை மட்டும் சீராக்கும் ஃபார்மேட்டர் ஒன்றை ஓட்டியிருந்தார், அவ்வளவுதான். அன்று மாலை அவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் பெரிய மனதுடன் ஏற்றுக்கொண்டார். ஆனால் எழுதியதை எல்லோரும் படித்தாகிவிட்டது.

பிளேம் காட்டுவது அந்த வரியைக் கடைசியாகத் தொட்ட கையை மட்டும்தான். அந்த வரியை யோசித்து எழுதியவர் அதற்குக் கீழே மூன்று நான்கு அடுக்குக்கு அடியில் இருப்பார். அந்த அடுக்குகளை ஒவ்வொன்றாக உரிப்பது எப்படி என்பதை அதே 112-ஆம் வரியை வைத்தே சொல்கிறேன்.

கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் சாளரத்தில், ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். சின்ன எழுத்து, பெரிய எழுத்து என்று நான் சொல்லும் இடங்களில் அதைக் கவனியுங்கள், கிட்டுக்கு இரண்டும் வேறு வேறு.

படி 1: பிளேம் காட்டும் பட்டையை வாசிக்கப் பழகுங்கள்

ரெப்போவுக்குள் போய் "கிட் பிளேம் பில்லிங்.பை" என்று கொடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு பட்டை வரும். எங்கள் வரி ஏறக்குறைய இப்படி இருந்தது:

38510264 (பெயர் 2021-03-09 18:42:10 +0800 112) இஃப் பேமென்ட் != "கார்டு":

முதலில் இருப்பது கமிட்டின் சுருக்க எண். கமிட் என்பது ஒரு செய்தியோடு கிட்டில் பதிந்த ஒரு மாற்றத் தொகுப்பு. இந்த எண்தான் உங்களுக்கு வேண்டியது, பெயர் அப்புறம். எண்ணுக்கு முன்னால் ^ குறி இருந்தால், கிட் தேடிப்போன வரலாற்றின் எல்லை அதுதான், அதற்கு மேல் அது போகவில்லை என்று பொருள். எண் முழுவதும் பூஜ்யமாக இருந்தால், அந்த வரி உங்கள் கணினியில் மாறியிருக்கிறது, இன்னும் கமிட் ஆகவில்லை.

அடுத்தது பெயர். இது எழுதியவரின் பெயர். வேறொருவர் அதை ரீபேஸ் செய்து (வேறொரு கமிட்டின் மேல் மறுபடி பதிந்து) சேர்த்திருந்தாலும் இங்கே எழுதியவர்தான் வருவார். அந்தப் பெயரும் அவர் கணினியில் கிட்டுக்கு என்ன பெயர் கொடுத்திருந்தாரோ அதுதான், கிட் யாரையும் சரிபார்ப்பதில்லை. தேதியும் அப்படியே: எழுதிய நாளைத்தான் அது சொல்லும். இரண்டு மாதம் பிராஞ்ச்சில் (தனிக் கிளையில்) கிடந்துவிட்டு மெயினுக்கு (முதன்மைக் கிளைக்கு) வந்த வரி பழைய தேதியைத்தான் காட்டும். "போன வாரம்தானே உடைந்தது, இந்த வரி ஜனவரியிலேயே இருக்கிறதே" என்று குழம்புபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

கடைசியில் உள்ள +0800 நேர மண்டலம். எழுதியவர் எந்த மண்டலத்தில் இருந்தாரோ அது பதிவாகிறது. எங்கள் குழு பாதி இங்கே, பாதி சென்னையில். +0530 என்று பார்த்தால் யாரைக் கேட்க வேண்டும் என்பதில் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

படி 2: தேவையான வரிகளை மட்டும் பாருங்கள்

இரண்டாயிரம் வரிக் கோப்பை முழுக்க உருட்ட வேண்டாம். "கிட் பிளேம் -எல் 108,120 பில்லிங்.பை" என்றால் அந்தப் பதின்மூன்று வரிகள் மட்டும் வரும். இந்த எல் பெரிய எழுத்து. "108,+13" என்றும் சொல்லலாம். வரி எண் தெரியாவிட்டால் "-எல் :ஃபங்ஷன்பெயர்" (ஃபங்ஷன் என்பது நிரலில் ஒரு வேலைக்கென்று பெயரிட்ட பகுதி) என்று முக்காற்புள்ளி போட்டு ஃபங்ஷன் பெயரைக் கொடுங்கள், அந்த ஃபங்ஷன் முழுக்க வரும். பின்னால் வரும் கனமான தேடல்கள் பெரிய ரெப்போவில் நேரம் எடுக்கும், எல்லையைக் குறுக்கினால் காத்திருப்பதும் குறையும். இதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

படி 3: பெயரை விடுங்கள், கமிட்டைத் திறந்து பாருங்கள்

அன்று நான் தவறவிட்ட படி இது. "கிட் ஷோ 38510264" என்று ஒரே ஒரு கட்டளை. முழு மாற்றமும் கண்முன் வரும். கட்டளையோடு "--ஸ்டாட்" சேர்த்தால் எத்தனை கோப்புகள், ஒவ்வொன்றிலும் எத்தனை வரிகள் என்று கணக்கு மட்டும் வரும்.

ஓட்டியிருந்தால் இருநூறுக்கும் மேற்பட்ட கோப்புகள் ஒரே கமிட்டில் மாறியிருப்பது தெரிந்திருக்கும். தலைப்பிலேயே "பிளாக் ஃபார்மேட்டர் ஓட்டியது" என்று அக்கா தெளிவாக எழுதியும் இருந்தார். 112-ஆம் வரியில் நடந்த மாற்றம் என்ன தெரியுமா? கார்டு என்ற சொல்லைச் சுற்றி இருந்த ஒற்றை மேற்கோள் குறி இரட்டை மேற்கோள் ஆகியிருந்தது. பைத்தான் நிரல்களைச் சீராக்கும் பிளாக், இயல்பாகவே அப்படித்தான் மாற்றும்.

கமிட்டைத் திறந்ததும் உங்களை நீங்களே கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த மாற்றத்தில் வரியின் பொருள் மாறியதா, தோற்றம் மட்டும் மாறியதா? தோற்றம் மட்டும் என்றால் அடுத்த அடுக்குக்குப் போங்கள்.

படி 4: தோற்ற மாற்றங்களைத் தாண்டிப் போங்கள்

இதற்கு மூன்று வழிகள் உண்டு.

இடைவெளி, டேப் மட்டும் மாறியிருந்தால் சின்ன டபிள்யூ போதும்: "கிட் பிளேம் -டபிள்யூ". ஒரு இஃப் நிபந்தனைக்குள் பழைய வரிகளைத் தள்ளி வைத்தவர் பெயர் எல்லா வரியிலும் ஒட்டிக்கொள்வதை இது நீக்கிவிடும். நான் இதை எப்போதும் போட்டே ஓட்டுகிறேன். ஆனால் எங்கள் வரியில் மாறியது மேற்கோள் குறி, அதனால் இது உதவவில்லை.

இரண்டாவது, ஒரு படி பின்னால் போய்ப் பார்ப்பது: "கிட் பிளேம் 38510264^ -- பில்லிங்.பை". எண்ணுக்குப் பின்னால் வரும் ^ குறிக்கு "இதற்கு முந்தைய கமிட்" என்று அர்த்தம். ஃபார்மேட்டர் ஓடுவதற்கு முன் கோப்பு எப்படி இருந்ததோ அந்த நிலையில் பிளேம் வரும். வரி எண் மாறியிருக்கும், சொல்லை வைத்துத் தேடிக்கொள்ளுங்கள். எந்தப் பழைய கிட்டிலும் இது வேலை செய்யும்.

மூன்றாவதுதான் நிரந்தரத் தீர்வு. கிட் 2.23, அதாவது 2019 ஆகஸ்டில் வந்த பதிப்பிலிருந்து, குறிப்பிட்ட கமிட்டைக் கண்டுகொள்ளாதே என்று சொல்லலாம்: "கிட் பிளேம் --இக்னோர்-ரெவ் 38510264 பில்லிங்.பை". கிட் அந்தக் கமிட்டைத் தாண்டி, ஒத்துப்போகும் பழைய வரி எது என்று ஊகித்து அதன் சொந்தக்காரரைக் காட்டும். ஊகம்தான், சில சமயம் பக்கத்து வரியைப் பிடித்துவிடும். சந்தேகம் வந்தால் முன் சொன்ன ^ முறையில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

குழு முழுவதற்கும் இது பயன்பட, ரெப்போவின் வேரில் ".கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ்" என்று ஒரு கோப்பு வையுங்கள். வரிக்கு ஒரு கமிட் எண். சுருக்க எண் செல்லாது, 40 எழுத்தும் வேண்டும். # போட்டு "2021 மார்ச், ஃபார்மேட்டர்" என்று குறிப்பும் எழுதலாம். பிறகு "கிட் கான்ஃபிக் பிளேம்.இக்னோர்ரெவ்ஸ்ஃபைல்" என்று தொடங்கி, ஓர் இடம் விட்டு இந்தக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் தானாகவே எடுத்துக்கொள்ளும். ரெப்போக்களை இணையத்தில் வைக்கும் தளமான கிட்ஹப் 2022-லிருந்து இதே பெயருள்ள கோப்பைத் தானே படித்துக்கொள்கிறது.

இரண்டு இடங்களில் எச்சரிக்கையாக இருங்கள். இந்த அமைப்பை "--குளோபல்" போட்டு எல்லா ரெப்போவுக்கும் வைக்காதீர்கள். அந்தக் கோப்பு இல்லாத ரெப்போவில் பிளேம் பிழை சொல்லி நின்றுவிடும். அதேபோல, கமிட் எண்ணை மெயினில் சேர்ந்த பிறகே எழுதுங்கள். பிராஞ்ச்சில் இருந்தபோது இருந்த எண் ஸ்குவாஷ் (பல கமிட்டுகளை ஒன்றாக்குவது) அல்லது ரீபேஸ் ஆனதும் மாறிவிடும். எழுதி வைத்த எண் யாருக்கும் உதவாமல் கிடக்கும்.

இதெல்லாம் பலிக்க வேண்டும் என்றால் ஃபார்மேட்டர் மாற்றம் தனிக் கமிட்டாக இருந்தாக வேண்டும். தர்க்கத்தையும் அழகுபடுத்தலையும் ஒரே கமிட்டில் கலந்துவிட்டால், எதை ஒதுக்குவது? அந்த அக்கா தனியாகத்தான் செய்திருந்தார். அதனால்தான் எங்களால் மேலே போக முடிந்தது.

படி 5: இடம் மாறிய வரிகளைப் பின்தொடருங்கள்

ஃபார்மேட்டர் அடுக்கை உரித்ததும் 2019-ஆம் ஆண்டுக் கமிட் ஒன்று வந்தது, +0530. சென்னையில் இருந்த ஒருவர் பெரிய கோப்பொன்றை உடைத்து பில்லிங்கைத் தனிக் கோப்பாக்கியிருந்தார். இவரும் யோசித்து எழுதியவர் இல்லை, வரிகளை இடம் மாற்றியவர்.

கோப்பின் பெயர் மட்டும் மாறியிருந்தால் பிளேம் தானே பின்தொடரும், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். ஆனால் கோப்பின் ஒரு பகுதியை வெட்டி வேறிடத்தில் ஒட்டினால் அதற்குத் தெரியாது. அதே கோப்புக்குள் நகர்ந்த வரிகளுக்குப் பெரிய எம். வேறு கோப்பிலிருந்து வந்த வரிகளுக்குப் பெரிய சி. ஒரு சி போட்டால், அதே கமிட்டில் மாறிய மற்றக் கோப்புகளில் தேடும். இரண்டு சி என்றால், கோப்பு உருவான கமிட்டில், தொடப்படாத கோப்புகளிலிருந்து நகலெடுத்திருக்கிறார்களா என்றும் பார்க்கும். மூன்று சி என்றால் எந்தக் கமிட்டாக இருந்தாலும் அப்படித் தேடும். அது ரொம்ப மெதுவானது. நான் மூன்றைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவேன்.

மிகச் சிறிய துண்டுகளை இது பிடிக்காது. எழுத்தும் இலக்கமும் சேர்த்து, இயல்பான அளவுகோல் எம்முக்கு 20, சிக்கு 40. அதற்குக் குறைவானால் தற்செயலான ஒற்றுமை என்று விட்டுவிடும்.

"கிட் பிளேம் -டபிள்யூ -சி -எல் 108,120 பில்லிங்.பை" என்று ஓட்டியதும், பட்டையில் புதிதாக ஒரு நெடுவரிசை வந்தது: வரி முதலில் இருந்த பழைய கோப்பின் பெயர். கமிட் ஆண்டு 2016. எழுதியவர் எங்களை விட்டுப் போய் வருடங்கள் ஆகிவிட்ட ஓர் அண்ணன். கமிட்டைத் திறந்தேன். செய்தி மூன்று வரி:

"கடை கேட்டது. கல்லாவில் 1 காசு, 2 காசு கிடையாது. ரொக்கத்துக்கு மட்டும் 5 காசுக்கு ரவுண்ட் செய்கிறோம்."

ரொக்கத்துக்கு மட்டும் என்று செய்தி சொல்கிறது. "கார்டு இல்லையென்றால்" என்று வரி சொல்கிறது. 2016-இல் அந்தக் கடையில் இரண்டுக்கும் ஒரே பொருள்தான்: கார்டு இல்லையென்றால் ரொக்கம், வேறு வழியே இல்லை. பேநவ் வந்தது 2017-இல், வணிகங்களுக்கு 2018-இல். எழுதிய அன்று அந்த வரி சரியாகத்தான் இருந்தது. மூன்றாவதாக ஒரு வழி வந்து கல்லாவில் நின்ற அன்று, யாரும் தொடாமலேயே தவறாகிவிட்டது.

அந்த மூன்று வரிச் செய்தி இல்லாமல் போயிருந்தால், ரவுண்ட் செய்வதே பிழை என்று நினைத்து முழுவதையும் நீக்கியிருப்பேன். ரொக்கத்துக்கு 12.32 என்று ரசீது அடித்து, இரண்டு காசுக்கு எங்கே போவது என்று கல்லாவில் நிற்பவர் திண்டாடியிருப்பார். சிங்கப்பூரில் எங்கள் வேலை பெரும்பாலும் இரண்டு மூன்று வருட ஒப்பந்தத்தில் ஓடுவது. எழுதியவர் ஊருக்குத் திரும்பியிருப்பார், அல்லது ஜூரோங்கில் வேறொரு நிறுவனத்தில் இருப்பார். அவர் மேசைக்குப் போய்க் கேட்க முடியாது. கமிட் செய்தியைத் தவிர அவர் விட்டுச் சென்ற குரல் வேறு எதுவும் இல்லை. "ஃபிக்ஸ்" என்று ஒரே சொல்லில் முடிக்கும் கமிட்டுகளைப் பார்த்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

படி 6: வரியின் முழு வரலாறும் ஒரே மூச்சில்

அடுக்கடுக்காக உரிக்க அலுப்பாக இருந்தால் "கிட் லாக் -எல் 108,120:பில்லிங்.பை". இதுவும் பெரிய எல். அந்த வரிகள் மாறிய ஒவ்வொரு கமிட்டையும், மாற்றத்தோடு, புதியதிலிருந்து பழையதாக வரிசைப்படுத்திக் காட்டும். வரி எண்ணுக்குப் பதில் ஃபங்ஷன் பெயரும் கொடுக்கலாம். கோப்பு தாண்டிய நகர்வுகளில் இது நின்றுவிடும், அங்கே பிளேமின் சி வேண்டும். ஆனால் ஒரே கோப்பில் பல முறை திருத்தப்பட்ட ஃபங்ஷனைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

படி 7: இல்லாமல் போன வரியைத் தேடுவது

இருக்கும் வரியின் கதையைத்தான் பிளேம் சொல்லும். நீக்கப்பட்ட வரியைக் கேட்டால் அதற்குப் பதில் கிடையாது.

பொருள் சேவை வரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2007 ஜூலையிலிருந்து 7 விழுக்காடு, 2023 ஜனவரி 1-இல் 8, 2024 ஜனவரி 1-இல் 9. 2023 டிசம்பரில் 8 விழுக்காட்டில் விற்ற பொருளை வாடிக்கையாளர் ஜனவரியில் திருப்பித் தருகிறார், நிரலோ 9 விழுக்காட்டில் கணக்குப் போட்டுத் திருப்பித் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய 0.08 எங்கே போனது? "கிட் லாக் -எஸ் 0.08" என்று, பெரிய எஸ் போட்டுத் தேடுங்கள். அந்தச் சொல் ஒரு கோப்பில் எத்தனை முறை வருகிறது என்ற எண்ணிக்கை மாறிய கமிட்டுகள் மட்டும் வரும்: நுழைந்தது ஒன்று, வெளியேறியது ஒன்று. கூடவே சின்ன பி போட்டால் மாற்றத்தையும் காட்டும். எண்ணிக்கை மாறாமல் வரி மட்டும் திருத்தப்பட்டதையும் பிடிக்க வேண்டும் என்றால் பெரிய ஜி. அது ரெகுலர் எக்ஸ்பிரஷனை, அதாவது தேடலுக்கான எழுத்து வார்ப்பை, ஏற்கும்.

"கிட் பிளேம் --ரிவர்ஸ்" என்று ஒன்றும் உண்டு. பழைய கமிட் ஒன்றிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு வரியும் கடைசியாக எந்தக் கமிட் வரை உயிரோடு இருந்தது என்று சொல்லும். அதற்கு அடுத்த கமிட்டைப் பார்த்தால் நீக்கியவர் கிடைப்பார்.

எந்த வரி என்றே தெரியாமல் நடத்தை மட்டும் உடைந்திருந்தால் பிளேமில் நேரம் போக்காதீர்கள், அது, எந்தக் கமிட்டில் உடைந்தது என்று பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் "கிட் பைசெக்ட்" செய்ய வேண்டிய வேலை.

படி 8: ஒரே ஆள், மூன்று பெயர்

நம்மவர்களுக்கு இது அடிக்கடி வரும். அலுவலகக் கணினியில் அடையாள அட்டையில் உள்ளபடி தந்தை பெயரோடு "எஸ்/ஓ" போட்ட முழுப்பெயர், வீட்டு மடிக்கணினியில் தலையெழுத்தோடு குமார், கிட்ஹப் வலைப்பக்கத்தில் நேரடியாகத் திருத்தியபோது வெறும் பயனர்பெயர். பிளேமில் மூன்று பேராகத் தெரிவார். ரெப்போவின் வேரில் ".மெயில்மேப்" என்ற கோப்பில், வரிக்கு ஒன்றாக, சரியான பெயர், கோண அடைப்பில் சரியான மின்னஞ்சல், அடுத்து கோண அடைப்பில் பழைய மின்னஞ்சல் என்று எழுதுங்கள். பிளேம் மூவரையும் ஒருவராக்கிக் காட்டும்.

திரையில் பார்க்க விரும்புபவர்களுக்கு

கிட்ஹப்பில் கோப்பைத் திறந்து பி விசையைத் தட்டினால் பிளேம் பார்வை வரும். ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில், இந்த மாற்றத்துக்கு முந்தைய நிலைக்குப் போகும் சின்னப் பொத்தான் இருக்கிறது. நாலாவது படியில் சொன்ன ^ முறைதான் அது. நிரல் எழுதும் மென்பொருளான இன்டெல்லிஜேயில் வரி எண்ணின் மேல் வலது சொடுக்கி அனோட்டேட்டைத் தேர்ந்தெடுங்கள். அதேபோன்ற விஎஸ் கோடுக்குக் கிட்லென்ஸ் என்ற இணைப்பு பிரபலம். ஒவ்வொரு வரியிலும் பெயர் தொங்கிக்கொண்டே இருப்பதை மட்டும் நான் அணைத்து வைத்திருக்கிறேன். நிரலைப் படிக்கும்போது ஆளைப் படிக்கத் தொடங்கிவிடுகிறோம்.

எல்லா வரிக்கும் ஒரே கமிட், அதுவும் ^ குறியோடு வந்தால், உங்களிடம் இருப்பது ஆழமில்லாத குளோன், அதாவது பழைய வரலாறு இல்லாமல் இறக்கிய ரெப்போவின் நகல். தானியங்கி பில்ட் சர்வர்களில் இது சகஜம். "கிட் ஃபெட்ச் --அன்ஷாலோ" கொடுத்து முழு வரலாற்றையும் இறக்கிக்கொள்ளுங்கள்.

படி 9: பெயர் கிடைத்த பிறகு எப்படிக் கேட்பது

பிளேம் என்ற சொல்லுக்குப் பழி என்று பொருள். கிட்டைப் போன்ற இன்னொரு கருவியான சப்வெர்ஷனில் இதே கட்டளைக்கு "பிரெய்ஸ்", அதாவது பாராட்டு, என்று இன்னொரு பெயரும் உண்டு. கிட்டிலும் "அனோட்டேட்" என்ற பெயரில் இதே வேலையைச் செய்யும் கட்டளை இருக்கிறது. பெயர் எதுவாக இருந்தாலும், ஆளிடம் போகும்போது கமிட்டோடு போங்கள்.

இப்போது நான் தனிச் செய்தியில் இப்படித்தான் எழுதுகிறேன்: "அக்கா, பில்லிங்கில் ரவுண்ட் செய்யும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கமிட்டுக்கு முன்னாடியே இந்த நிபந்தனை இருக்கிறது, 2016-இலிருந்து வருகிறது. அதைப் பற்றி உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" கேட்கப்படுபவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லாததால், தெரிந்ததைச் சொல்வார்.

அன்று அக்காவிடம் அப்படிக் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். ஏனென்றால் 2016-இல் அதை எழுதிய அண்ணனின் எண் அவரிடம் இருந்தது. அந்த அண்ணன் இப்போது திருச்சியில் இருக்கிறார். வாட்ஸாப்பில் கேட்டேன். "அந்தக் கடையில அப்ப கார்டு மெஷின் ஒண்ணே ஒண்ணுதான் தம்பி. அது கெட்டுப்போனா எல்லாமே ரொக்கம்தான்" என்றார்.

திருத்தம் ஒரு வரிதான்: "கார்டு இல்லையென்றால்" என்பது "ரொக்கம் என்றால்" ஆனது. கமிட் செய்தியை ஏழு வரி எழுதினேன். கடையின் புகார், 12.32 எடுத்துக்காட்டு, பேநவ் வந்த பிறகு நிபந்தனை ஏன் பொருந்தவில்லை என்பது, அண்ணனின் 2016 கமிட் எண், எல்லாம் அதில் இருக்கின்றன. இன்று 112-ஆம் வரியில் பிளேம் ஓட்டினால் என் பெயர் வரும்.